காப்புக் கட்டிய கையால் அளந்தாய்

குமரேசனுக்கு, உன்னைப் பெற்றவன் சொல்லி எழுதுவது. நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. புதன்கிழமை விமானம் ஏறப் போகிறவனுக்கு என்ன கேடு, நன்றாகத்தான் இருப்பாய். நாங்களும் நலம் என்று எழுதட்டுமா என்று இதை எழுதித் தரும் ஜெயந்தி கேட்டாள். வேண்டாம் என்றேன். எங்கள் நலம் எப்படி இருக்கிறது என்பதை உன் அத்தை வீட்டுக் கிழக்குச் சுவரைப் பார்த்தால் தெரியும்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஊருக்கே தெரிந்த சங்கதி. போனில் நீயும் அதைத்தான் சுற்றி வளைத்துச் சொல்லிக் காட்டினாய். அதனால் கீழ்பென்னாத்தூரில் பஸ் ஏறித் திருவண்ணாமலைக்கு வந்து, கலெக்டர் ஆபீசுக்கு எதிரில் மேசை போட்டு மனு எழுதும் இந்த ஜெயந்தியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நான் பேசுவதைப் புத்தகத் தமிழாக மாற்றுவது அவள் வேலை. ஆரம்பத்திலேயே பேனாவை மூடிவிட்டாள். "பெரியவரே, இந்த வார்த்தையெல்லாம் மனுவுல போடக் கூடாது" என்றாள். "இது மனு இல்லம்மா, எம் புள்ளைக்கு லெட்டரு" என்றேன். "புள்ளைக்கா இப்படி!" என்று வாயில் கை வைத்தாள். டீ வாங்கிக் கொடுத்துப் பேனாவைத் திறக்க வைத்தேன். திட்டில் பாதியை அவள் வடிகட்டிவிட்டாள் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படி. இதில் ஒரு பிரதி உனக்கு வரும், ஒன்று வெள்ளிக்கிழமை நடக்கப்போகும் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போகும், ஒன்று நம் ஊர்ச் சாவடிச் சுவரில் ஒட்டப்படும். வீட்டுச் சண்டையை வீதிக்குக் கொண்டு வரலாமா என்று கேட்பாய். உன் அத்தை வீட்டைப் படம் பிடித்துப் புத்தகமாகப் போட்டு நாலு ஆபீசுக்கு அனுப்பியவன் நீ. வீதியைத் திறந்தது நான் அல்ல.

நடந்ததைச் சொல்கிறேன், சாவடியில் நின்று படிக்கிறவர்களுக்கும் விளங்கட்டும். நம் ஊருக்குக் கிழக்கே இருக்கும் கல்குவாரி இன்னும் நீண்டு, உன் அத்தை பச்சையம்மாள் வீட்டுக்குக் கூப்பிடு தூரம் வரைக்கும் வரப் போகிறது. அதற்கு அனுமதி கொடுக்கலாமா என்று கேட்கத்தான் வெள்ளிக்கிழமை கூட்டம். குவாரிக்காரர்கள் கொடுத்த காகிதக் கட்டை ஊராட்சி ஆபீசில் வைத்திருந்தார்கள். நாங்கள் நாலு பேர் போய் உட்கார, கிளார்க் படித்துக் காட்டினார். வெடியால் வரும் அதிர்வு அரசு சொன்ன அளவுக்குள்தான் இருக்கிறதாம். வீடுகளில் விரிசல் விட்டிருப்பது கட்டுமானக் குறைபாட்டால்தானாம். நான் சிரித்துவிட்டேன். "எவன் சார் அவன், எங்க ஊருக்கு வராமலே எழுதனவன்?" என்று கேட்டேன். கிளார்க் தலையைத் தூக்கவில்லை. பக்கத்தைத் திருப்பி உன் பெயரைப் படித்தார். பெயருக்குப் பின்னால் உன் பட்டங்களையும் ஒவ்வொன்றாகப் படித்தார். ஒன்றைக்கூட விடவில்லை மனுஷன். என்னோடு வந்த மூன்று பேரும் சுவரைப் பார்த்தார்கள், கூரையைப் பார்த்தார்கள், என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. அந்த மரியாதைக்கு நான் செத்திருக்கலாம்.

எனக்கு எழுத்துதான் தெரியாது, படம் தெரியும். அந்தக் கட்டில் ஒரு படம் இருந்தது. அத்தை வீட்டு வேப்பமரத்தடியில் குழி தோண்டி, அதிர்வை அளக்கும் ஒரு சின்னப் பெட்டியை மண்ணுக்குள் நட்டு, ஒரு கை அதை அழுத்திப் பிடித்திருக்கிறது. கை மட்டும்தான், முகம் இல்லை. மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. நம் அம்மன் கோயில் காப்பு. அதை உன் கையில் கட்டும்போது பக்கத்தில் தாம்பாளம் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்.

காப்பு என்றால் என்ன என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கூட்டத்துக்கு வரும் அதிகாரிக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். ஆடியில் அம்மனுக்குக் காப்புக் கட்டினால் எட்டு நாள் கழித்துத்தான் அவிழ்ப்பார்கள். கட்டிக்கொண்டவன் அதுவரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. இன்னொன்றும் இருக்கிறது. அந்த எட்டு நாளும் குவாரியில் பெரிய வெடி கிடையாது.

அது ஏன் வந்தது என்பதும் உனக்குத் தெரியும். நீ அப்போது பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்பு. பச்சையம்மாள் அந்த வருஷம் கரகம் எடுத்திருந்தாள். பம்பை அடித்துக்கொண்டு ஏரிக்கரையிலிருந்து ஊருக்குள் நுழையும் நேரம் குவாரியில் வெடி போட்டார்கள். காலடியில் பூமி ஒரு குலுக்குக் குலுக்கியது. அவள் தலையிலிருந்த கரகம் சரிந்து கீழே விழுந்து உடைந்தது. பம்பைக்காரன் கை அப்படியே நின்றுவிட்டது. அப்புறம் யார் முதலில் ஓடினார்கள் என்று தெரியாது, மஞ்சள் தண்ணீரில் நனைந்த துணியோடு மொத்த ஊரும் குவாரிக்குள் இறங்கிவிட்டோம். மேனேஜர் லாரிக்கு அடியில் ஒளிந்துகொண்டான். "சாமி குத்தத்துக்கு இன்னாடா பதில் சொல்லுவ, வெளிய வாடா" என்று காலைப் பிடித்து இழுத்தவர்களில் நீயும் ஒருவன். அன்றைக்குத்தான் பேச்சு முடிவானது. காப்புக் கட்டி அவிழ்க்கும் வரைக்கும் பெரிய வெடி இல்லை. கிரஷர் ஓடுவதற்காக வேண்டுமானால் ஒன்றிரண்டு சின்னக் குழிகள், பட்டாசு மாதிரி. இத்தனை வருஷமாக அந்தப் பேச்சை அவர்கள் மீறியதில்லை. நம் ஊரில் தொட்டிலில் கிடக்கிற பிள்ளைகூட அந்த எட்டு நாள், வழக்கமாக வெடி போடும் மத்தியான நேரத்திலும் அலறாமல் தூங்கும்.

போன ஆடியில் நீ வந்தாய். வெளிநாட்டு வேலை கிடைத்தால் மகனுக்குக் காப்புக் கட்டிக் கூழ் ஊற்றுகிறேன் என்று உன் அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள், அதற்காக வந்தாய். எட்டு நாள் ஊரை விட்டு நகர முடியாது. சும்மா உட்கார்ந்தால் உனக்குக் கால் அரிக்கும் என்று எனக்குத் தெரியும். காரிலிருந்து பெட்டிகளை இறக்கினாய். "இன்னாடா இது?" என்று கேட்டேன். "காலேஜ் வேலைப்பா, ஆராய்ச்சி. எப்படியும் எட்டு நாள் இங்கதான, அதையும் முடிச்சுக்கலாம்னு கொண்டாந்தேன்" என்றாய். ஊருக்காக ஏதோ செய்கிறான் என்று நினைத்தேன். உன் அத்தைக்கு அதைவிடப் பெருமை. குழி தோண்ட மண்வெட்டி எடுத்துக் கொடுத்தாள். கோழி வந்து ஒயரைக் கொத்தாமல் காவல் இருந்தாள். கூழ் குடிக்க வந்த பெண்களிடமெல்லாம் "எங்க அண்ணன் புள்ள, பூமிக்கு ஸ்டெதாஸ்கோப்பு வெச்சுக்கினு கீறான், தள்ளிப் போங்கடி" என்று விரட்டினாள். தன் வீட்டுக்கே எதிராகச் சாட்சி தயாராகிறது என்று தெரியாமல் அதற்கு நிழல் கட்டினாள் அந்தப் பைத்தியக்காரி.

நீ காசு வாங்கினாய் என்று நான் சொல்லவில்லை. வாங்கியிருக்க மாட்டாய். வாங்கியிருந்தால் எனக்குத் திட்டுவதற்குச் சுலபமாக இருந்திருக்கும். அளந்ததை மாற்றி எழுதினாய் என்றும் சொல்லவில்லை. காலேஜ் அறிக்கை என்று பெட்டி சொன்னதைத்தான் எழுதியிருப்பாய், குவாரிக்காரன் அதை எடுத்துத் தன் கட்டில் சேர்த்துக்கொண்டான். ஒரு பயணத்தில் இரண்டு வேலை, அவ்வளவுதான் உன் கணக்கு. உன் சௌகரியத்துக்கு எந்த வாரம் ஒத்து வந்ததோ அந்த வாரம் அளந்தாய். நோயாளிக்குக் காய்ச்சல் விட்டிருக்கும் நேரமாகப் பார்த்துக் கையைத் தொட்டுவிட்டு, உடம்பு ஜில்லென்று இருக்கிறது, இவன் நடிக்கிறான் என்று சீட்டு எழுதிய வைத்தியன் நீ.

நாள் பார்த்து அளக்க வேண்டும் என்பது உனக்குத் தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதே. என்னை முட்டாளாக்குவதற்கும் ஒரு எல்லை உண்டு. நீ சென்னையில் ஆராய்ச்சிப் படிப்பு படித்துக்கொண்டிருந்தபோது ஒரு வெள்ளைக்கார வாத்தியாரை அழைத்து வந்தாயே, செங்கம் ரோட்டில் ஆசிரமம் பக்கம் ரூம் எடுத்துத் தங்க வைத்தாயே, ஞாபகம் இருக்கிறதா? கிரிவலப் பாதையில் ஒரு கல் மண்டபத்துக்குள் சத்தம் எப்படிச் சுற்றி வருகிறது என்று அளக்க வந்தார். பெட்டி சுமக்க ஆள் வேண்டும் என்று என்னையும் வரச் சொன்னாய். வந்து பார்த்தால் அன்றைக்குப் பௌர்ணமி. ஊர்ப்பட்ட ஜனம் மலையைச் சுற்றிக்கொண்டிருந்தது, மண்டபத்துக்குள் படுக்கக்கூட இடமில்லை. "வந்தது வந்துட்டோம், அளந்துட்டுப் போலாமே" என்று நான்தான் சொன்னேன். நீ என்னை உட்கார வைத்துப் பாடம் எடுத்தாய். "இல்லப்பா, ஆளுங்க ஒடம்பு சத்தத்தக் குடிச்சுடும். இன்னிக்கு அளந்தா கூட்டத்தத்தான் அளக்கறோம், மண்டபத்த இல்ல. காலியா இருக்கற நாளாப் பாத்து வந்தாதான் உண்மை தெரியும்." அந்த வாத்தியாரும் தலையாட்டினார். கூட்டம் கலையும்வரை ரூமில் காத்திருந்து, எல்லாம் ஓய்ந்த பிறகு வந்து அளந்தீர்கள். எனக்கு நீ சொன்னது அப்படியே பிடித்துப் போயிற்று. ஊரில் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் தெரியுமா, சத்தத்துக்கும் நாள் பார்க்க வேண்டும் என்று என் பிள்ளை சொன்னான் என்று.

யாரும் குடியிருக்காத ஒரு கல் மண்டபத்துக்காக, ஒரு வெள்ளைக்காரர் முன்னால், நாள் பார்த்துக் காத்திருந்தாய். உன் அத்தை தலைக்கு மேல் நிற்கும் சுவருக்காக உனக்குக் காத்திருக்க முடியவில்லை.

அந்தச் சுவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கட்டுமானக் குறைபாடு என்று எழுதியிருக்கிறாயே. அதைக் கட்டியவன் நான். பச்சையம்மாள் புருஷனை இழந்து வந்து நின்றபோது, அவள் பங்குக் கொல்லையில் நானும் ஒரு கொத்தனாரும் சேர்ந்து எழுப்பிய வீடு. செங்கல், செம்மண் சாந்து, மேலே பூச்சு. அரண்மனை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். குறைபாடு என்றால் குறைபாடுதான். ஆனால் அந்தக் குறைபாட்டில்தான் நீ படித்தாய். நம் வீட்டில் அப்போது கரண்டு கிடையாது, அத்தை வீட்டில் ஒரு பல்பு எரிந்தது. சாயங்காலம் ஆனால் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாய். அந்தக் கிழக்குச் சுவரில் சாய்ந்து சாய்ந்து படித்து, உன் தலை எண்ணெய் படிந்து ஒரு கறை விழுந்திருக்கிறது. எத்தனை பொங்கலுக்கு வெள்ளை அடித்தாலும் மேலே வந்துவிடும். அவளும் அதை அழிய விடமாட்டாள். இப்போது விரிசல் அந்தக் கறைக்கு ஒரு சாண் பக்கத்தில் மேலிருந்து கீழ்வரை ஓடுகிறது. என் கை உள்ளே போகிறது. போன மாதம் ஒரு மத்தியானம் வெடி போட்டதும் மேல்வரிசைக் கல் ஒன்று பெயர்ந்து அவள் கட்டிலில் விழுந்தது. அவள் அப்போது ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போயிருந்தாள். அன்றிலிருந்து மரத்தடியில் படுக்கிறாள். ஐப்பசி மழை வந்தால் உள்ளே போய்த்தான் ஆக வேண்டும். நம் வீட்டுக்கு வா என்றால் ஆடு கோழியை விட்டு வரமாட்டேன் என்கிறாள். குவாரி இன்னும் கிட்டே வந்தால் அந்தச் சுவர் நிற்காது. அவள் உள்ளே இருக்கும்போது விழும். இதைச் சொல்ல எனக்கு எந்தப் பெட்டியும் வேண்டாம். ஆனால் என் பேச்சை அந்தக் கூட்டத்தில் எவன் எழுதிக்கொள்வான்? உன் பேச்சைத்தான் எழுதிக்கொள்வார்கள். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

இந்தப் படிப்பு உனக்கு எங்கிருந்து வந்தது என்று உன் வாத்தியார்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது. எனக்குத் தெரியும். நீ மூன்றாவதோ நாலாவதோ படித்துக்கொண்டிருந்தாய். மல்லாட்டை பறித்துக்கொண்டிருந்தோம். வேர்க்கடலை என்று போடட்டுமா என்கிறாள் ஜெயந்தி. மல்லாட்டை என்றே போடு என்றேன், தின்று வளர்ந்தவனுக்குத் தெரியும். தூரத்தில் குவாரியில் புகை எழும்பியது. நீ செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் நின்றிருந்தாய். "எப்பா, சத்தம் கால்ல மொதல்ல வருது, அப்பறந்தான் காதுக்கு வருது" என்று கத்தினாய். நான் அத்தனை வருஷம் அந்தக் கொல்லையில் நின்றவன், எனக்கு அது தோன்றியதே இல்லை. நின்று பார்த்தேன். நீ சொன்னது சரி. பெரிய படிப்புக்குப் போனபிறகு அதற்குக் காரணமும் சொன்னாய்: பாறை வழியாக வருவது வேகமாக ஓடி வரும், காற்று வழியாக வருவது மெதுவாகத்தான் வரும், காதுக்கு வருவது பயமுறுத்தும், காலுக்கு வருவதுதான் சுவரை உடைக்கும். இதெல்லாம் நீ சொன்னதுதான். நான் ஒன்றையும் சொந்தமாகக் கண்டுபிடிக்கவில்லை. உன் பேச்சை வைத்துத்தான் உன்னைக் கேட்கிறேன். பதில் சொல்.

பதில்தான் சொன்னாயே போனில். அதையும் ஊர் கேட்கட்டும். "இன்னாபா, மீட்டிங்ல கீறேன்" என்று ஆரம்பித்தாய்.

"காப்புக் கட்டன வாரத்துல வெடி கம்மினு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"குவாரில இன்னா வெடி வெச்சாங்களோ அதத்தாம்பா மெஷின் எழுதுச்சு. நான் எதையும் மாத்தல."

"மாத்தனனு சொன்னனா? தெரியுமா தெரியாதாடா?"

"எனக்கு அப்ப தோணலப்பா" என்றாய்.

"தோணலன்னா இப்ப எழுதிக் குடு. காப்பு வாரத்துல அளந்துட்டேன், அது கணக்குல சேராதுன்னு ஒரு வரி."

"இப்பப் போயி தப்புன்னு எழுதிக் குடுத்தா, போற எடத்துல என் பேரு இன்னா ஆவும்? கெளம்பற நேரத்துல ஏம்பா உசுர எடுக்கற? உனக்கு இதெல்லாம் புரியாது." வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு எத்தனை தரம் போட்டாலும் எடுக்கவில்லை.

தோன்றவில்லை என்றாயே, அதைத்தான் மென்றுகொண்டிருக்கிறேன். நீ பொய் சொல்லியிருந்தால் ஒரு விதத்தில் நிம்மதி. பொய்யனுக்காவது உண்மை எது என்று தெரிந்திருக்கும். நிஜமாகவே தோன்றவில்லை என்றால் அது இன்னும் கேவலம். மேனேஜரை லாரிக்கு அடியிலிருந்து காலைப் பிடித்து இழுத்தவனுக்கு, கையில் மஞ்சள் கயிறு கட்டியிருக்கும்போதே, மத்தியானம் பூமி ஏன் ஆடவில்லை என்று தோன்றவில்லை. அப்படியென்றால் அந்த எட்டு நாள் நீ எங்கே இருந்தாய்? உன் கால் எங்கே இருந்தது? பெட்டிக்குக் காது வாங்கிக் கொடுத்துவிட்டு உன் காலை விற்றுவிட்டாயா?

உன் அம்மா என்னோடு பேசுவதில்லை. உனக்காக முறுக்கும் மல்லாட்டை உருண்டையும் கட்டிக்கொண்டிருக்கிறாள், விமானத்தில் எத்தனை கிலோ விடுவார்கள் என்று தெருவில் விசாரித்துக்கொண்டிருக்கிறாள். இன்றைக்குக் காலையில் நான் சட்டை போட்டதும் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "நாலு பேரு எதிர்ல புள்ள மானத்த வாங்காதய்யா. அவன் ஒசரத்துக்குப் போறது உனக்குப் பொறுக்கலையா?" என்றாள். "அவன் தூக்கிக்கினு போற மானம் இந்த ஊருதுடி, அத எறக்கி வெச்சுட்டுப் போவச் சொல்றேன்" என்றேன். அவள் வேண்டுதலால்தான் நீ அந்த வாரம் வந்தாய் என்பது அவளுக்கும் உள்ளுக்குள் குத்துகிறது. அது அவள் குற்றம் இல்லை. அம்மன் குற்றமும் இல்லை.

என் மேல் ஒரு பிழை உண்டு, அதையும் மறைக்கவில்லை. கரகம் உடைந்த அன்றைக்குக் குவாரிக்காரர்களோடு உட்கார்ந்து பேசிய ஐந்தாறு பேரில் நானும் ஒருவன். ஊரே பின்னால் நின்றது, மேனேஜர் நடுங்கிக்கொண்டிருந்தான், என்ன கேட்டாலும் கொடுத்திருப்பான். அம்மனுக்கு எட்டு நாள் கேட்டோம். எங்களுக்கு ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. சாமி கரகம் தலையிலிருந்து விழுந்தால் குற்றம், மனுஷி தலையில் சுவர் விழுந்தால் விதி என்று நினைத்தோம் போலிருக்கிறது. அந்த எட்டு நாளை வைத்துத்தான் இன்றைக்கு எங்களை அடிக்கிறார்கள். அடிக்கிற கோலை எடுத்துக் கொடுத்தவன் நீ.

போகிற இடத்துக்குப் புத்திமதி சொல்லாமல் அனுப்பினால் தகப்பன் இல்லை என்பார்கள். ஒன்று சொல்கிறேன். அங்கேயும் எவளோ ஒருத்தி வீட்டுப் பக்கத்தில் பெட்டியை நடச் சொல்வார்கள். நடுவதற்கு முன்னால் அந்த வீட்டு வாசலில் போய் நின்று, இது எப்படிப்பட்ட வாரம் அம்மா என்று கேள். பாஷை தெரியாவிட்டால் தெரிந்தவனை வைத்துக் கேள். நம் ஊரில் உனக்குப் பாஷையும் தெரிந்திருந்தது, கேட்கத்தான் இல்லை.

இனி நான் செய்யப் போவதைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ பெட்டியை எடுத்துக்கொண்டு வர வேண்டும். திங்கள், செவ்வாய் இரண்டு மத்தியான வெடி போதும் என்று நினைக்கிறேன். போதாது என்றால் நீயே சொல், உனக்குத்தான் தெரியும். உன் பெட்டி நான் சொல்வது தப்பு, சுவர் தன்னால்தான் விரிகிறது என்று சொன்னால், நீ கிளம்புவதற்கு முன்னால் சாவடியில் ஊர் பார்க்க உன் காலில் விழுந்து எழுந்திருக்கிறேன். எனக்குப் பயமில்லை. பயம் உனக்குத்தான் இருக்கிறது, அது ஏன் என்று நீயே யோசி. அளந்து, முதலில் அளந்தது காப்பு வாரத்தில் அளந்தது என்று எழுதிக் கலெக்டரிடம் கொடுத்துவிட்டு, புதன்கிழமை விமானம் ஏறு. முறுக்கு கட்டி ரெடியாக இருக்கும்.

வரவில்லை என்றால் வெள்ளிக்கிழமை நான் எழுந்து நிற்பேன். பச்சையம்மாள் நேற்று வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணா, சொவுரு போனாப் போவுது. கூட்டத்துல அவம் பேரச் சொல்லாத. யாரோ மெட்ராஸ்லேர்ந்து வந்த இஞ்சினீருன்னு சொல்லிடு" என்றாள். இரவெல்லாம் யோசித்தேன். அவள் சொன்னபடி செய்ய மாட்டேன். இதை அளந்தது யார் என்று அதிகாரி கேட்பார். நீ வந்து மறுபடி அளந்திருந்தால், என் மகன் என்று சொல்வேன். நீ வராமல் போயிருந்தாலும், என் மகன் என்றுதான் சொல்வேன். யாரோ ஒருவன் என்று சொல்லி உன்னைத் தப்ப விடமாட்டேன். எந்த மாதிரி அதைச் சொல்ல வேண்டும் என்பதை மட்டும் நீ முடிவு செய்துகொள்.

கையெழுத்துப் போடும் இடத்தில் என் கட்டைவிரல் ரேகை இருக்கிறது. ஜெயந்தி மையை நிறையத் தடவிவிட்டாள், கொஞ்சம் அப்பியிருக்கும். உன் கையெழுத்துக்கு எதிராக வைக்க என்னிடம் இருப்பது அதுதான்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். வேப்பமரத்தடியில் நீ பெட்டி நட்டாயே, அந்தக் குழி அப்படியே இருக்கிறது. ஆடு கால் வைத்து ஒடித்துக்கொள்ளும், மூடிவிடுகிறேன் என்று மண்வெட்டியோடு போனேன். உன் அத்தை விடவில்லை. மழைத் தண்ணீர் இறங்காமல் அதன்மேல் ஒரு சட்டியைக் கவிழ்த்து, காற்றுக்குச் சட்டி நகராமல் மேலே ஒரு கல்லை வைத்திருக்கிறாள். அந்தக் கல் அவள் கட்டிலில் விழுந்த கல்.